வெள்ளைக்கு அடியில் இருந்த எழுத்து

நான் குடியிருக்கும் மாடி அறைக்குப் பெயிண்ட் அடிக்கப் பெண்கள் குழு ஒன்று வந்தபோதுதான், அதன் தலைவியான அக்காவை முதலில் பார்த்தேன். கதவைத் திறந்ததுமே, "தம்பி, அந்தக் கம்ப்யூட்டரை நீங்களே தூக்கி வெச்சிடுங்க. என் கை பட்டு ஏதாவது ஆச்சுன்னா ஏழு தலைமுறைக்கும் நான் பெயிண்ட் அடிச்சே கழிக்கணும்" என்றார். பின்னால் ஏணியைச் சுமந்து நின்ற நெட்டைப் பெண் சிரித்தாள். அந்தக் குழுவில் அவளைக் கூப்பிடுவதே 'ஏணி' என்றுதான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. கடைகளின் இணையதளங்களைத் தேடலில் முன்னால் கொண்டுவருவது என் வேலை. ஊரில் யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல ஏதோ தேடுறான், இன்னும் கிடைக்கலையாம்" என்பார் அப்பா. இதை அக்காவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், சுவரில் ஓடிக்கொண்டிருந்த உருளை நின்றுவிட்டது.

"அப்ப எனக்கு நீங்கதான் வேணும்" என்றார்.

ஒரு மேஸ்திரியிடம் பெயிண்ட் கலக்கிக் கொடுப்பவராகத் தொடங்கியவர் அக்கா. பெண்களை ஏணியில் ஏறவிடாத அந்த மனிதரோடு சண்டை போட்டு வெளியே வந்து, பெண்கள் மட்டுமே உள்ள குழுவைச் சேர்த்தார். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இணையதளத்தையும் தானே போட்டார். தனியாக இருக்கும் பெண்கள், வயதான அம்மாக்கள் எல்லாரும் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்கள். ஆனால் சில மாதங்களாக அந்த இணையப் பக்கம் தேடலில் தலைகாட்டவே இல்லை. போனும் ஊமையாகிவிட்டது. எங்கள் கட்டடம் முடிந்தால் கையில் அடுத்த வேலை கிடையாது. பழைய மேஸ்திரி ஏணியைத் தன்னிடம் வேலைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். இப்போது ஏறவும் விடுவாராம்.

"அவ போனா மத்தவளுகளும் பின்னாலயே போயிடுவாளுங்க. அவளைக் குத்தம் சொல்ல முடியுமா? வீட்ல அடுப்பு எரியணுமே" என்றார் அக்கா.

ஏணி ஜன்னல் ஓரத்தில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அக்காவின் தம்பி ஏற்கெனவே ஒரு வைத்தியம் சொல்லியிருந்தான். அந்த இணையப் பக்கத்தில் கேள்வி பதில்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. கேள்வியைத் தொட்டால் பதில் விரியும். அப்படி ஒளித்து வைத்ததுதான் குற்றம் என்று அவன் அடித்துச் சொல்ல, அக்கா எல்லாவற்றையும் விரித்துப் போட்டுவிட்டார். பக்கம் அனுமார் வால் மாதிரி நீண்டதே தவிர, தேடலில் வரவில்லை.

"மடிச்சு வெச்சது தப்பே இல்லக்கா. ஆளுங்க தொட்டா விரியுது இல்ல? அது போதும். தேடுற மெஷினுக்கு மட்டும் தெரிஞ்சு, ஆளுங்களுக்குத் தெரியாம ஏதாவது இருந்தாத்தான் கோபம் வரும்" என்றேன்.

"நான் எதையும் ஒளிக்கலை தம்பி. தொழில்ல திருட்டுத்தனம் எனக்குப் பிடிக்காது."

கணினியை மறுபடி மேசையில் வைத்து அவருடைய பக்கத்தைத் திறந்தேன். படங்களுக்குக் கீழே காரணமில்லாமல் வெள்ளையாக வெற்றிடம் கிடந்தது. அந்த இடத்தில் சுட்டியை அழுத்தி மேலிருந்து கீழே இழுத்தேன். நீலம் படர்ந்த இடமெல்லாம் எழுத்துகள் எழுந்தன. முன்பு போய்வந்த பகுதிகளின் பெயர்கள், முடிந்துபோன சலுகைகள், 'பெயிண்டர், நல்ல பெயிண்டர், வீட்டு பெயிண்டர்' என்று வரிவரியாக.

"அட, இதெல்லாம் பழசு! நான்தான் வெள்ளை அடிச்சு மூடிட்டேனே!"

"மூடினீங்களா?"

"தூரத்து ஏரியாவுக்குப் போறதை நிறுத்தினதும் அந்தப் பேரையெல்லாம் வெள்ளை எழுத்தாக்கிட்டேன். சலுகை முடிஞ்சா அதுக்கும் வெள்ளை. ஆரம்பத்துல வீடியோ பார்த்து வரிசையா எழுதின 'நல்ல பெயிண்டர்' எல்லாம் அசிங்கமா தெரிஞ்சுது, அதுக்கும் வெள்ளை. பழசு மேல வெள்ளை அடிச்சுட்டுப் புதுசு அடிக்கிறதுதானே நம்ம வேலை? சுவத்தை இடிச்சுட்டா புதுசு அடிப்பாங்க?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தேடுபொறிக்கு நிறம் முக்கியமில்லை, வெள்ளைக்கு அடியில் இருப்பதையும் அது படிக்கும், கண்ணுக்குத் தெரியாமல் சொற்களைக் குவித்து முன்வரிசைக்கு வரப் பார்க்கும் ஏமாற்றுக்காரர்கள் செய்வதும் இதேதான் என்று விளக்கினேன். அக்காவின் முகம் சுருங்கியது.

"அப்ப அது என்னையும் ஃப்ராடுன்னு நினைச்சிடுச்சா?"

"சுரண்டிடலாம் அக்கா. இங்க சுரண்டினா சுவர் இடியாது."

"தள்ளுங்க, நானே சுரண்டுறேன்" என்று கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வரியையும் அவரே அழித்தார். கேள்வி பதில்களை மறுபடி மடித்து வைத்தார். மறுபடி வந்து படிக்கும்படி தேடுபொறிக்கு நான் தகவல் கொடுத்தேன்.

அதன்பின் காத்திருப்பதுதான். உடனே நடக்காது என்று சொல்லியும் அக்கா காலையில் வந்ததும் என் முகத்தைத்தான் பார்ப்பார். மேஸ்திரிக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்ட ஏணியிடம், "இந்த மாடி முடியட்டும்டி" என்று மட்டும் சொன்னார்.

வெளி வராந்தாவில் கடைசிப் பூச்சு ஓடிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. கை முழுக்கப் பெயிண்ட். ஏணிதான் எடுத்து அவர் காதில் வைத்தாள்.

"ஆமாங்க, பொம்பளைங்கதான்... எங்க பார்த்தீங்க? தேடினப்பவா?" அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "வர்றோம்மா, நாளைக்கே வந்து பார்க்கிறோம்."

போனை அவர் காதிலிருந்து எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்ட ஏணி, "அந்த மேஸ்திரிக்கு நானே போன் பண்ணிடறேன்க்கா. எனக்கு ஏணி ஏறத் தெரியாதுன்னு சொல்லிடறேன்" என்றாள். வராந்தா முழுக்கச் சிரிப்பு.

முன்பிருந்த அளவுக்கு இன்னும் அழைப்புகள் வருவதில்லை. ஆனால் வேலை அறுந்துபோகாத அளவுக்கு வருகின்றன. குழுவை விட்டு யாரும் போகவில்லை. இப்போது அக்கா ஆற்றோரத்தில் ஒரு மருத்துவரின் இரண்டு மாடி வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்.