ஐஸுக்கு வரி உண்டா?

போன வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில், ஈர மரத்தூள் மூட்டை ஒன்றை ஏற்றிக்கொண்டு பாகூருக்கு வண்டி ஓட்டி வந்தேன். புறப்படும்போது அதற்குள் ஒரு பெரிய ஐஸ் கட்டி இருந்தது. வந்து சேர்ந்தபோது... இருங்கள், கோபத்தில் முந்திக்கொள்கிறேன்.

என் மாப்பிள்ளை சைகோனில் உத்தியோகம் பார்க்கிறவர். லீவில் வந்திருக்கிறார். திரும்பும்போது என் மகள் தனத்தையும் கப்பலில் அழைத்துப்போவதாக ஏற்பாடு. தனமோ மாசமாக இருக்கிறாள். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான் என்று அவரிடம் சொல்ல வேண்டும். யார் சொல்வது? நான்தான். சொன்னேனா? மாப்பிள்ளை கோட்டுப் போட்டிருந்தார். எனக்கு வாய் வரவில்லை.

இந்தப் பத்தியில் வாராவாரம் வீரம் பேசுகிறவன், மாப்பிள்ளை இருமினால் எழுந்து நிற்கிறேன்! கண்ணை மூடினால் போதும் - நடுக்கடல், புயல், மேல்தட்டில் இடுப்பு வலியோடு என் மகள், பக்கத்தில் மீசை வைத்த ஒரு மாலுமி வெந்நீர்ச் செம்போடு...

அப்போதுதான் மாப்பிள்ளை பேச்சுவாக்கில் சொன்னார்: "சைகோன்ல எங்க துரை வூட்டு விருந்துல பழத்துலயே சூப்பு குடுப்பாங்க மாமா. ஜில்லுனு இருக்கும். இந்த வெயிலுக்கு அது கெடச்சா..."

போதாதா? எங்கள் கிணற்றடியில் கிர்ணிப்பழக் கொடி காய்த்துக் கிடக்கிறது. பழம் வீட்டில், ஐஸ் புதுச்சேரி டவுனில். சூப்பை அவர் கையில் கொடுத்து, அது தொண்டையில் இறங்கும் நேரம் பார்த்து விஷயத்தைப் போட்டுவிடுவது. என்ன ராஜதந்திரம்!

"பழத்தக் கரைச்சிக் குடுக்கறதுக்கு டவுனுக்கு இன்னாத்துக்குப் போறீங்க?" என்றாள் என் மனைவி அஞ்சலை.

"அது சூப்புடி! ஐஸ் இல்லாம சூப்பா?"

போனேன். வாங்கினேன். திரும்பினேன். இங்கேதான் வயிறு எரிகிறது. டவுனும் பிரெஞ்சு, பாகூரும் பிரெஞ்சு. ஆனால் நடுவில் இங்கிலீஷ்காரன் ஊர் ஒன்று குறுக்கே படுத்திருக்கிறது. நம்ம ஊரிலிருந்து நம்ம ஊருக்கு வர, அடுத்தவன் தேசத்துக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். எவன் போட்ட கோடு இது? அவன் ஒரு நாளாவது ஐஸ் வாங்கிக்கொண்டு வந்திருப்பானா?

சுங்கச்சாவடிச் சேவகன் வண்டியை மறித்தான்.

"மூட்டையில இன்னா?"

"ஐஸ்."

"இன்னாது?"

"ஐஸுப்பா! கெட்டித் தண்ணி!"

"அடியில பாட்டிலு கீட்டிலு வச்சிருக்கியா?"

இரும்புக் கம்பியால் குத்தினான். பாட்டில் இல்லை. அதில் அவனுக்கு ஏக வருத்தம். "ஐஸுக்கு வரி உண்டா, இல்லியான்னு ஐயாவத்தான் கேக்கணும். ஐயா சாப்பிடப் போயிருக்காரு."

ஐயா என்ன, கல்யாணப் பந்தியிலா உட்கார்ந்திருந்தார்? நான் மூட்டைக்குக் குடை பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். மேல்துண்டை அதற்குப் போர்த்தினேன். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. வண்டிக்கு அடியில் ஒரு நாய் வந்து படுத்து, சொட்டச் சொட்ட நக்கியது. அந்த நாய்க்கு யாரும் வரி கேட்கவில்லை.

ஒருவழியாக ஐயா வந்தார். ஏப்பம் விட்டார். மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவினார். "இதுல சரக்கே இல்லியேப்பா! சரக்கு இல்லாத மூட்டைக்கு வரி இன்னாத்துக்கு? போ, போ!"

இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? பாரீஸிலா, லண்டனிலா?

மரத்தூளோடு வீட்டுக்குள் நுழைந்தால், மாப்பிள்ளை ஊஞ்சலில் உட்கார்ந்து பீங்கான் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருக்கிறார். பழத்தை மசித்து, தேங்காய்ப்பால் விட்டு, எலுமிச்சை பிழிந்து, இஞ்சிச் சாறும் துளி உப்பும் சேர்த்து, பானையின் வாயைக் கட்டிக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கியிருக்கிறாள் அஞ்சலை. என் வண்டி தெருமுனை தாண்டுவதற்கு முன்பே!

"சைகோன்ல கூட இப்பிடிக் குடிச்சதில்ல அத்த."

"இன்னங் கொஞ்சம் ஊத்திக்குங்க மாப்ள. தனத்துக்குப் பிரசவம் இங்கியே ஆவட்டுமே?" - ஊறுகாய் வேண்டுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"அதத்தான் நானே கேக்கணும்னு இருந்தேன் அத்த. மாமா இன்னா சொல்வாரோன்னுதான் பயமா இருந்துச்சு."

பயமா? என்னைப் பார்த்தா? இதை வந்த அன்றே சொல்லித் தொலைத்தால் என்ன? என் மேல்துண்டு முழுக்க மரத்தூள்!

வாசற்படியில் நின்றிருந்த தனம் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். சிரித்தாளா, அழுதாளா தெரியவில்லை. எனக்கு மட்டும் கண் கரித்தது. மரத்தூள்தான்.

கோபம் அதோடு தீர்ந்திருக்கும். மாப்பிள்ளை மேற்கொண்டு ஒன்று சொன்னார்: "நானும் லீவ நீட்டிக்கினு, கொழந்த பொறக்கற வரைக்கும் இங்கியே இருந்துடறேன் மாமா."

இருக்கிறார். காலை, மாலை இரண்டு வேளையும் சூப். கொடியில் இப்போது இலைதான் மிச்சம். காலையில் எனக்கு முன்பே போய்ப் பூ விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறார்.

அந்தச் சாவடி ஐயாவை மறுபடி ஒருதரம் பார்க்க வேண்டும். ஐஸ் கிடக்கட்டும்... மாப்பிள்ளையை எல்லை தாண்டி அனுப்ப என்ன வரி?