மூன்று மறிக்குட்டிகளை விற்காத வருடம்

ஆட்டு விலை ஏறினால் ஆடு வைத்திருப்பவனுக்குக் கொண்டாட்டம் என்று நினைப்பவர்கள் ஆடு வளர்த்ததில்லை. பட்டி முக்கால்வாசி காலியாகி நிற்கும்போது அந்தக் கொண்டாட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முப்பது வருடம் வயல் செய்யும் கமக்காரருக்காகத் துண்டுப்பிரசுரம் எழுதியவன் நான். இரண்டு தடவை பொலிஸ் கூண்டில் படுத்திருக்கிறேன். என்னோடு கோஷம் போட்டவர்கள் சிலர் இன்று கண்ணாடி ஏற்றிய வாகனங்களில் போகிறார்கள். நான் என் ஊரான பாலமுனையில் ஆடுகளுக்குப் பின்னால் போகிறேன். ஒரு மாரியில் வந்த நோய் பதினொரு ஆடுகளைக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவை மூன்று மறிக்குட்டிகள், எல்லாம் பெட்டை. ஒரு கிடாய்கூட இல்லை. குட்டிகளை வளர்த்துப் பட்டியை மீட்பதா? ஏறிய விலைக்கு அவற்றை விற்றுவிட்டு, ஈன்று பழகிய மறிகளாக வாங்குவதா?

விதைநெல்

முதலில் வந்தவர் தரகர் மஜீத். முந்திய வருட விலையைப்போல் இரண்டு மடங்கு சொன்னார். "விதைநெல்லை விற்றவன் கமக்காரன் அல்ல" என்றேன். அது என்னுடைய பழைய பிரசுரம் ஒன்றின் தலைப்பு. அந்த நாட்களில் பசை வாளியும் தும்புக்கட்டையுமாக அதைச் சுவர் சுவராக ஒட்டியவர் இதே மஜீத்தான். அப்போது அவருக்கு மீசை அரும்பிய வயது. என்னை அண்ணனாக வைத்துக் 'காக்கா' என்பார்; என் பேச்சை நின்றுகொண்டே கேட்பார், உட்காரமாட்டார்.

மூன்று குட்டிகளின் முதுகையும் தடவிவிட்டுச் சொன்னார்: "அந்த நோட்டீஸ் ஒட்டப் பசை காய்ச்சினது நான்தான் காக்கா. அந்த மாவுல ரொட்டி சுட்டுத் திண்டிருந்தா ஒரு நாளப் பசியாவது தீந்திருக்கும்."

கூரை

என் மனைவி ஸல்மாவுக்கு அந்த விலை நன்றாகக் கேட்டிருந்தது. எங்கள் வீட்டில் சமைக்கிற குசினியைத் தவிர எல்லா அறையும் ஒழுகும். மூன்று குட்டிகளையும் கொடுத்தால் கூரைக்குத் தகடு போட்டுவிடலாம். சந்தர்ப்பவாதம் எப்படி ஓர் இயக்கத்தை அழிக்கும் என்று அவளுக்கு விளக்கினேன். முழுவதையும் கேட்டாள். பிறகு அண்ணாந்து ஓட்டையைப் பார்த்தாள்.

"இஞ்சப் பாருங்க, ஒங்கட கொள்கையில மழ படாது. எனக்குப் படும்."

ஏகமனதாக

ஊரில் ஆடு வைத்திருப்பவர்களைக் கூட்டினேன். எல்லோரும் மறிகளை அறுப்புக்கு விற்றால் அடுத்த வருடம் ஊரில் குட்டி ஏது? பழைய காலத்தில் ஒரு வார்த்தை சொன்னால் வயல் வரம்பெல்லாம் ஆட்களால் நிறைந்துவிடும். இப்போது ஏழு பேர் வந்தார்கள். "மறி விற்கமாட்டோம்" என்ற தீர்மானத்தை நானே எழுதினேன். எழும்பி நின்று முன்மொழிந்தவர் மீராசாஹிபு.

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன் லொறி வந்தது. முதலில் ஏறியது மீராசாஹிபின் மறி. சந்தியில் மறித்துக் கேட்டேன். அவர் கொஞ்சமும் கூசவில்லை: "தீர்மானம் ஏகமனதாத்தானே நிறைவேறின காக்கா? அதுல நான் ஒரு குறையும் வெக்கல்லயே."

வீரமுனையில்

அந்தக் கோபத்தில், நானும் குட்டிகளைக் கொடுத்துவிட்டு, விலை இன்னும் ஏறுமுன் ஈன்று பழகிய மறிகளை வாங்கிவிடலாம் என்று தமிழர் ஊரான வீரமுனைக்குப் போனேன். அங்கே சின்னத்தம்பி இருக்கிறார். கடைசி வயல்களுக்குத் தண்ணீர் விடாத ஒரு நெற்போகத்தில் நாங்கள் இருவரும் வாய்க்கால் கதவில் இரண்டு நாள் குந்தியிருந்தோம். ஒரே பிளாஸ்க் மூடியில் மாறி மாறித் தேநீர் குடித்தோம். பிறகு தமிழரும் முஸ்லிம்களும் பகைத்த கெட்ட வருடங்களில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவில்லை. அந்தத் தேநீரின் சூடு மட்டும் எனக்கு மறக்கவில்லை.

முற்றத்தில் மூன்று மறிகளை விற்பனைக்குக் கட்டியிருந்தார். கொழுத்ததைக் காட்டினேன். அவர் கயிற்றை அவிழ்க்கவில்லை.

"அது ரெண்டு தரம் மாசம் நிரம்பாமல் குட்டி வீசினது, தோழர். பக்கத்தில நிக்கிறது குட்டியை முலையில அண்டவிடாது. நல்ல மறியை இந்த நாளையில ஆர் விக்கிறான்? இதெல்லாம் நான் கழிச்சது."

"ஏன் என்னிடம் சொல்கிறீர்கள்?" என்றேன்.

"வேற ஆளெண்டா வித்திருப்பன்."

கிடாய்

இனி வளர்ப்பதுதான் என்று முடிவெடுத்தபோது ஹஜ்ஜுப் பெருநாள் கிட்டிவிட்டது. குட்டிகளும் பருவத்துக்கு வந்துவிட்டன. ஊரில் நல்ல கிடாய்களெல்லாம் பெருநாளுக்கு அறுக்கும் குர்பானுக்காகக் கட்டுத்தறியில் தின்று கொழுத்துக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு றஹீமிடம் அவருடைய கிடாயை ஒரு நாளைக்குக் கேட்டேன். நான் அதைக் கடத்த வந்தவன்போல முன்னால் வந்து நின்றார்.

"இப்ப அதுக்கு மாப்பிள்ள வேல குடுத்தா, பெருநாளைக்கு எலும்பத்தான் பங்கு வெக்கணும் காக்கா!"

சின்னத்தம்பிக்குச் சொல்லியனுப்பினேன். தன் கிடாயை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அவரே வந்தார். அன்று நாங்கள் பழைய கதை கதைத்துக் களைத்துப்போனோம். ஸல்மா மூன்று தரம் தேநீர் ஊற்றினாள். போகும்போது அவர் எங்கள் கூரையைப் பார்த்தார்: "இதுக்கும் ஒரு போராட்டம் வெச்சிருக்கலாம், தோழர்."

நாலு பேர்

அடுத்த மாரியில் அறைகளெல்லாம் ஒழுகின. ஸல்மா மறிகளை நனையாத குசினிக்குள் கட்டினாள். ஒரே வாரத்தில் மூன்றும் அங்கேயே ஈன்றன. நாலு குட்டிகள். நான் பட்டியைப் பெருக்கும் கணக்கில் இருந்தேன். அவள் நான் உடுத்துக் கழித்த பழைய சாரத்தால் கடைசிக் குட்டியைத் துவட்டி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். நாலும் கிடாய்.

வெகு நாட்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "ஒங்கட கூட்டம் மாதிரியே இரிக்கி. நாலு பேரு வந்திரிக்காங்க, ஒரு பொம்பிள இல்ல." பிறகு சாரத்தை உதறினாள். "மறி மூணையும் நீங்க வெச்சிக்கங்க. கிடாய் நாலும் என்ட கூரை."

வாங்கினால் அடுத்தவன் கழித்தது வரும், வளர்த்தால் அல்லாஹ் நாடியது வரும், நாம் திட்டம் போட்டது மட்டும் எந்த வழியாலும் வராது.