நண்டோட்டுச் சீனி

சீனி மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துப் பல்பகுதியம் செய்யும் தொழிலில், மாதக்கணக்காக மாரடித்துக் கரண்டி முனையளவு தூளைக் காட்டினாலே பெரிய காரியம். ஆய்வுகூடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போர்நிறுத்தக் காலத்தில் தீவுப்பக்கத்துச் சரவணையிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குப் பஸ்ஸில் போய்வந்து நானும் மாரடித்தேன். காயத்தை ஆற்றும் மென்படலம் செய்வது நோக்கம். ஆறு மாதத்துக்குள் சங்கிலி வராவிட்டால் வேலை போய்விடும்.

ஓடு கேட்டுப் போனது

எங்களுக்கு வேண்டிய சீனி கொழும்பிலிருந்து வருவதாக இல்லை. "நண்டோட்டிலயும் அந்தச் சீனி இருக்கு, அதிலிருந்து எடுப்பம்" என்றார் எங்கள் பேராசிரியர். மண்டைதீவில் பஸ்ஸை விட்டிறங்கி, நண்டுச் சதை எடுத்து விற்கும் பிலோமினா அக்காவிடம் கேட்டேன். மறுவாரம் ஒரு சாக்கு நிறையத் தந்தார்.

"சதையை விட்டிட்டு ஓட்டைக் கேக்கிற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன், பிள்ளை."

பஸ்ஸில் தனி இடம்

சங்கிலிகள் ஒரே அளவாக வளர, கந்தகம் கலந்த ஒரு இளஞ்சிவப்புப் பொருள் சேர்க்க வேண்டும். நிறம் அழகு, நாற்றம் சொல்லி மாளாது. எத்தனை முறை கை கழுவினாலும் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தத் தொழிலை விட்டுவிட்ட இன்று, அந்த மணத்துக்காக மனம் ஏங்குகிறது. கொண்டக்டர் மட்டும் மறைக்காமல் சொன்னார்.

"தங்கச்சி, மீன்கூடையையும் ஏத்திறனாங்கள், உம்மட மணந்தான் தாங்க ஏலாமக் கிடக்கு."

வளராத சங்கிலி

சங்கிலியை வளர்ப்பவை மூலிகங்கள் என்னும் அவசரக்காரத் துகள்கள். ஒட்சிசன் பட்டால் அவை செத்துவிடும். அதனால் நைதரசனை ஊதி ஊதிக் காற்றை வெளியேற்றினோம். சூடாக்கினோம். ஒன்றும் வளரவில்லை. பத்து முறை இப்படி. இரண்டு வாரந்தான் மிச்சம்.

மேலும் ஓடு வாங்கப் போனபோது, அக்கா பெரிய சட்டியில் ஓடுகளை மஞ்சள் போட்டு அவித்துக்கொண்டிருந்தார். மஞ்சள் எதற்கு என்று கேட்டேன். மஞ்சளின் சாயம் மூலிகங்களை விழுங்கிவிடும். சீனியில் தெரிந்த இலேசான மஞ்சள் நிறத்தை நண்டின் இயல்பென்று விட்டிருந்தோம்!

"படிக்கிற பிள்ளைக்கு நாறி மணக்கிற ஓட்டையே குடுக்கிறது? அதுதான் நெடுக அவிச்சுத் தந்தனான்."

படலம்

அவிக்காத ஓட்டில் எடுத்த சீனியில் சங்கிலி வளர்ந்தது. குளிர்ந்த மதுசாரத்தில் வெள்ளை நூலாக இறங்கியபோது கத்தியே விட்டேன். பேராசிரியர் என் வேலையை மேலும் ஆறு மாதத்துக்கு நீட்டிக் கையெழுத்திட்டார்.

முதல் படலத்தை அக்காவுக்குக் காட்டினேன். நண்டு கடித்த விரலை நீட்டினார். இன்னும் மனிதரில் போட்டுப் பார்க்கவில்லை, வருடக்கணக்காகும் என்றேன். விரலை இழுத்துக்கொண்டார்.

"அதுக்கென்ன, நான் மஞ்சளைப் பூசிறன்."

நாங்கள் மருந்து கண்டுபிடித்து முடிப்பதற்குள் காயம் தானாகவே ஆறிவிடும் தொழில் இது, ஆனாலும் யாராவது கூப்பிட்டால் நாளைக்கே போய் நிற்பேன்.