எங்கள் கடைப் போர்டைத் தலைக்கு மேல் ஏந்தி நின்றவர்

சவரிமுத்து அண்ணன் காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் எங்கள் தெரு வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். மோட்டார் சைக்கிளை அணைக்காமலேயே கடை வாசலில் நின்று சொன்னார்.

"அம்மா, போர்டு சவரி போயிட்டாரு. இன்னைக்குக் காலையில. சங்கத்துல ஒரு நினைவு மலர் போடுறோம். நீங்கதான் அவர் கூட பழகுனவங்க. நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்க, போதும்லா."

நல்லதா நாலு வரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைப் பற்றி இந்தத் தெரு நல்லதாக ஒரே ஒரு வரி சொல்ல வேண்டிய நாள் ஒன்று வந்தது. அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டு வாயும் சேர்ந்தேதான் மூடிக் கிடந்தது. என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும், தெரியாததுபோல இத்தனை காலம் இருந்துவிட்டோம். அதனால் நாலு வரியோடு நான் நிறுத்தப்போவதில்லை. பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஜப்பான்காரன் சண்டைக்கு முன்பிருந்தே அவர் இந்த மலாய் நாட்டில், எங்கள் சிகாமட் டவுன் ஆபீசில் வேலை பார்த்தார். கடைகளின் பெயர்ப்பலகைகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. கடைகளுக்கு முன்னால் கூரைக்கடியில் ஓடுகிறதே அஞ்சடி நடைபாதை, அதைத் தாண்டி எந்தப் போர்டும் தெருவுக்குள் நீளக்கூடாது. அனுமதி வாங்கிய அளவைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. ஆள் தலையில் இடிக்கும்படி தொங்கக்கூடாது. எங்கள் தெருக்காரர்களோ பக்கத்துக் கடைப் போர்டு ஒரு சாண் நீண்டால் தம்முடையதை ஒன்றரைச் சாண் நீட்டுகிறவர்கள். அவருக்கு ஓய்வே இருந்ததில்லை.

கையில் அளவு நாடா இருந்தாலும் உயரத்தை அவர் நாடாவால் பார்க்கமாட்டார். கடையிலிருந்தே ஒரு கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு போர்டுக்கு அடியில் விறைப்பாக நடப்பார். கூடை இடித்தால் போர்டை ஏற்றி மாட்ட வேண்டும். நான் கல்யாணமாகி இந்த மளிகைக் கடைக்கு வந்த புதிதில் முதன்முதலாக அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். "சிரிக்காத தங்கச்சி. சட்டத்துல அடி, இஞ்செல்லாம் எழுதியிருக்கு. இடி வாங்குறது மூட்ட தூக்குறவன் தலதான்" என்றார். கூடையை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். ஆங்கிலப் போர்டுகளையெல்லாம் இறக்க வேண்டும், நிப்பான் எழுத்தில் புதிதாக எழுதி மாட்ட வேண்டும், தமிழோ சீனமோ வேண்டுமானால் கடைக்குள்ளே சிறிதாக வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. டவுன் ஆபீசில் இருந்தவர்களை வகுப்பில் உட்காரவைத்து அந்த எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கடை கடையாக ஏறி உத்தரவைச் சொல்லும் வேலை சவரிமுத்து அண்ணன் தலையில் விழுந்தது. கடைக்காரர்கள் அவர் முகத்துக்கு நேரே தலையாட்டினார்கள். அவர் முதுகு திரும்பியதும் காறித் துப்பினார்கள். என் மாமனாரும் துப்பினார்.

பலகை கிடைக்காத காலம். ஊருக்கெல்லாம் எழுதிக்கொடுத்த சீனப் பெயிண்டர் எங்கள் பழைய போர்டையே வாங்கிப்போய் அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்தார். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அது காகிதம் சுற்றி வந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறதென்று எங்களில் யாருக்கும் தெரியாது. பூச்சி ஊர்ந்ததுபோலச் சில கோடுகள். மாமனார் அதை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் சாத்திவைத்தார். மேல் விளிம்பில் சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, சூடம் காட்டினார். மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் பொட்டு மேலே இருக்கும்படி பார்த்து ஆணியடித்து மாட்டினோம்.

சற்று நேரத்தில் சவரிமுத்து அண்ணன் வந்தார். அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அலமாக்! மொதலாளி, போர்டு தலகீழா தொங்குது."

மாமனார் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. "பொட்டு எங்க இருக்கு பாரு தம்பி. மேலதான இருக்கு? அப்புறம் எப்படித் தலகீழ்?"

"பாக்க வர்ற ஜப்பான் ஆபீசருக்குப் பொட்டு தெரியாது மொதலாளி. எழுத்துதான் தெரியும்."

"பொட்டு வச்ச பலகைய வெள்ளிக்கெழமையும் அதுவுமா கவுத்துனா கடையே கவுந்துடும். நாளைக்குப் பாத்துக்கலாம் போ."

சவரிமுத்து அண்ணன் நினைத்திருந்தால் ஏணியைப் போட்டு ஏறித் தானே திருப்பியிருக்கலாம். அந்த அதிகாரம் அவருக்கு இருந்தது. ஆனால் ஏறவில்லை. "நான் மாதா கோவிலுக்குப் போற வேதக்காரன். நான் ஏறி உங்க பொட்டக் கீழ தள்ளுனா நல்லா இருக்காது. நாளைக்கு விடிஞ்சதும் நீங்களே எறக்கி, வேற பொட்டு வச்சு மாட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் செய்த தவறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் சாமிக்கு அவர் கொடுத்த அந்த மரியாதையைத்தான் சொல்ல வேண்டும்.

அன்றைக்கே, மதியத்துக்கு முன்னால், ஜப்பானிய அதிகாரியின் கார் வந்து நின்றது. எங்கள் போர்டைப் பார்த்ததும் அவன் போட்ட கூச்சலில் தெருவே அடங்கிவிட்டது. வேண்டுமென்றே அவமானப்படுத்தியதாக அவன் எடுத்துக்கொண்டான். யார் கடை, யார் மாட்டியது என்று துபாஷி கேட்டான். தராசுக்குப் பக்கத்தில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. பாலோ ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிய ஆண்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்த அதிகாரி விரலை நீட்டினால் அடுத்த லாரியில் என் கணவர் போயிருப்பார். மாமனார் கல்லாவுக்குப் பின்னாலேயே நின்றார்.

நாலைந்து கடை தள்ளியிருந்த சவரிமுத்து அண்ணன் ஓடி வந்தார். இடுப்பை வளைத்துக் கும்பிட்டார். அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு, துபாஷிக்காக மலாயிலும் சொன்னார். அதனால் எங்களுக்கும் விளங்கியது. அளந்து பார்த்து மாட்டச் சொன்னது நான்தான், இவர்களுக்கு எழுத்து தெரியாது, தவறு என்னுடையது என்றார்.

கூட வந்த சிப்பாய்கள் அவரை மாற்றி மாற்றி அறைந்தார்கள். அவர் மூக்கில் ரத்தம் வந்தது. பிறகு அதிகாரி போர்டைக் கழற்றச் சொல்லி, எழுத்தை நேராகப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நிற்கச் சொன்னான். தான் திரும்பி வரும்வரை இறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனான். காவலுக்கு ஒரு சிப்பாயை விட்டுப்போனான்.

இப்போது பொட்டு கீழ் விளிம்புக்கு வந்திருந்தது. சரியாக அவர் நெற்றிக்கு மேலே. வெயில் ஏற ஏற, கையிலிருந்து ஒழுகிய வியர்வையில் சந்தனமும் குங்குமமும் கரைந்து அந்த வேதக்காரர் நெற்றியில் வழிந்தன. கண்ணில் இறங்கியதைத் துடைக்க அவருக்குக் கை இல்லை. தெருக்காரர்கள் பின் சந்து வழியாகப் போய்வந்தார்கள். ஒரு பிடி உப்பு வாங்கக்கூட யாரும் அன்றைக்குக் கடைக்கு வரவில்லை.

சிப்பாய் ஒரு தடவை சாப்பிடப் போனான். தெருவில் வேறு யாரும் இல்லை. நான் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வாசல்வரை வந்தேன். பின்னாலிருந்து மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம்டி. யாராவது பாத்தா நாமளும் சேந்துதான் செஞ்சோம்னு ஆயிடும். உம் புருசன் உள்ள இருக்கான்."

அவர் இறுக்கிப் பிடிக்கவில்லை. உதறினால் விட்டிருப்பார். நான் செம்பைக் கீழே வைத்தேன். சவரிமுத்து அண்ணன் செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குக் கூசக்கூடாது என்பதற்காகத்தான் அவர் பார்வையைத் திருப்பினார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு, தப்பித்தோம் என்றுதான் தோன்றியது. பொழுது சாயும்போது கார் வந்தது, போர்டை இறக்கினார்கள், அவர் தடுமாறி நடந்துபோனார். என் கணவர் சயாமுக்குப் போகவில்லை. அதன்பின் பிள்ளைகள் பெற்று, பேரன் பேத்தி பார்த்து, தன் கட்டிலில் படுத்து உயிரை விட்டார்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். நாங்கள் போர்டைத் திருப்பி மாட்டினோம். எங்கள் பழைய ஆங்கில எழுத்து அத்தனை நாளும் சுவரைப் பார்த்தபடி பத்திரமாக இருந்திருக்கிறது. எங்களுக்கும் அவ்வளவு சுலபமாகத் திரும்ப முடிந்தது. ஜப்பான்காரனுக்கு ஒத்தாசை செய்தவர்கள் யார் யார் என்று விசாரணை நடந்தபோது, கடை கடையாக ஏறிப் போர்டை இறக்கச் சொன்ன ஆள் என்று தெருக்காரர்கள் சவரிமுத்து அண்ணனைக் காட்டிக்கொடுத்தார்கள். ஜப்பான்காரனுக்குக் கும்பிடு போட்ட வெட்கத்தைச் சுமத்த அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

மாமனாரையும் கூப்பிட்டார்கள். என் கணவரும் கூடப் போனார். மத்தியானம் இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ஒம் போர்டை எறக்கச் சொன்னது இவர்தானான்னு கேட்டாங்க. ஆமான்னேன். பொய்யா சொன்னேன்?" என்றார் மாமனார்.

"வெயில்ல நின்னத சொன்னீங்களா மாமா?"

"அதக் கேக்கல அவங்க."

"கேக்கலன்னா? நீங்களா சொல்லக்கூடாதா?"

"சொன்னா, ஜப்பான்காரன் ஆளு ஒனக்கு ஏன் ஒதவுனான்னு கேப்பாங்க. லைசென்ஸ் போகும். வாய மூடிட்டுக் கொழம்ப ஊத்து."

என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் குழம்பை ஊற்றினேன். சவரிமுத்து அண்ணனுக்கு வேலை போயிற்று. ஊரில் தலைகாட்ட முடியாமல் பாலோ பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டார்.

வயதான பிறகுதான் திரும்பி வந்து மாதா கோவில் பக்கம் குடியிருந்தார். எங்கள் கடைப் பக்கம் வந்ததில்லை. மாமனாரும் என் கணவரும் போய்ச் சேர்ந்தபின், ஒரு வருடம் சிகாமட் ஆறு பெருகிக் கடைக்குள் புகுந்து எங்கள் போர்டை அடித்துக்கொண்டு போனது. புதுப் போர்டு மாட்டிய அன்று பார்க்கிறேன், எதிர் வரிசை அஞ்சடியில் அவர் நிற்கிறார். தெருவைக் கடந்து வந்தார்.

"கூட இருக்கா தங்கச்சி?"

கொடுத்தேன். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போர்டுக்கு அடியில் நடந்தார். "இடிக்கல" என்றார். கூடையைத் திருப்பிக் கொடுத்தார். அவர் கன்னத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"அண்ணே, உக்காருங்க. தண்ணி கொண்டாறேன், குடிச்சிட்டுப் போங்க."

என்னை நிதானமாகப் பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"வேணாம் தங்கச்சி. இப்பத் தாகம் இல்ல."

அவர் போனபின் கடைக்குள் வந்து அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கூசியிருக்காது.

அடக்கத்தன்று சங்கத்துக்காரர்கள் அஞ்சடியில் ஒரு பதாகை கட்டியிருந்தார்கள். "எங்கள் தெருவின் பாதுகாவலருக்குக் கண்ணீர் அஞ்சலி" என்று பெரிய எழுத்து. அடியில் நடந்தபோது என் தலையில் இடித்தது. ஏற்றிக் கட்டுங்கள் என்று கத்தினேன். செயலாளருக்கு ஒன்றும் புரியவில்லை, கிழவிக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பார். அவர் கட்டி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் மாதா கோவிலுக்குப் போனேன்.

அங்கே பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தீர்த்தம் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய் அவர்மேல் தெளித்தார்கள். நான் வேற்று மதத்துக்காரி என்று ஒதுங்கி நின்றேன். அவருடைய மகள் வந்து, "நீங்களும் தெளிங்க அத்த, அப்பாவுக்குத் தெரிஞ்சவங்கதான" என்று பாத்திரத்தை என் கையில் கொடுத்தாள். அன்றைக்கு என் மணிக்கட்டை யாரும் பிடிக்கவில்லை. தெளித்தேன். அவர் நெற்றியில் சில சொட்டு விழுந்தது.

அவருடையது என்று என்னிடம் இருப்பவை இரண்டு. அவர் தலையில் வைத்து நடந்த கூடை ஒன்று. அது கடையில் தொங்குகிறது, யார் போர்டு மாட்டினாலும் எடுத்துப்போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, தாகம் இல்லை என்று அவர் சொன்ன சொல். அதை யாருக்கும் கொடுக்க முடியாது, நான்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சவரிமுத்து அண்ணனுக்கு நான் கொடுத்த முதல் தண்ணீர் அந்தத் தீர்த்தம்தான்.