பலகையில் ஒன்பது கோடுகள்

சுரங்க அருங்காட்சியகத்தின் வாசலில் உட்கார்ந்து சீட்டு கொடுக்கும் பெண்ணை எல்லோரும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சீட்டோடு ஒரு பித்தளை டோக்கனும் கொடுப்பாள். அதில் ஒரு எண் பொறித்திருக்கும். சுரங்கம் இடிந்த அன்று காலை ஷிப்டில் கீழே இறங்கிய நூற்று நாற்பது பேரில் ஒருவருடைய எண் அது. இறங்குகிறவர்கள் அடையாளத்துக்கு வைத்திருந்த அசல் டோக்கன்கள் விசாரணைக்கென்று போனவை, திரும்பி வரவில்லை. இவை புதிதாக அடித்த நகல்கள். வந்தவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, தலைவிளக்கு கொடுத்த விளக்கறை, இறங்குகிற கூண்டு, சுரங்கப் பாதை எல்லாம் சுற்றிவிட்டு, கடைசி அறையின் சுவரில் தங்கள் எண்ணைத் தேடுவார்கள். எண்ணுக்கு நேரே ஒரே ஒரு சொல் இருக்கும். பிழைத்தார், அல்லது இறந்தார்.

"நான் செத்துட்டேன். நீ?"

"நான் பொழச்சுட்டேன். ஐஸ்கிரீம் நீதான் வாங்கித் தரணும்."

"செத்தவன் எப்படிடா வாங்கித் தருவான்?"

இப்படிப் பேசிக்கொண்டுதான் பிள்ளைகள் வெளியே வருவார்கள். அவள் சிரித்தபடி டோக்கன்களைத் திரும்ப வாங்கி டப்பாவில் போடுவாள். எண்பத்தேழு கிடைத்தவர்கள் உற்சாகமாக வருவார்கள். "நல்ல நம்பரா பார்த்துக் குடுத்தீங்கக்கா" என்பார்கள். எண்பத்தேழு அவள் கணவரின் எண்.

அவரும் இன்னும் நாலு பேரும் இடிபாட்டுக்குள் நாலு நாள் கிடந்து மீட்கப்பட்டவர்கள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவர் வீட்டில் எந்தக் கதவையும் சாத்த விட்டதில்லை. குளியலறைக் கதவைக்கூட. விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஏதாவது கேட்டால் ம், இல்லை, போதும், இந்த மூன்றில் ஒன்று பதிலாக வரும். கட்டிக்கொடுத்த மகள் போன் பண்ணினால், "அப்பா மூச்சு விடுறது மட்டுந்தான்மா கேக்குது" என்று வைத்துவிடுவாள். நுரையீரலில் கரித்தூள். வேலைக்குப் போக முடியாது. அதனால்தான் இந்த வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு நாள், கறுத்துப்போன டோக்கன்களைத் தேய்த்துப் பளபளப்பாக்க ஒரு பை நிறைய வீட்டுக்கு எடுத்து வந்தாள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து வந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"இதை யாரு செஞ்சது?"

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"பட்டறையில குடுத்து அடிச்சாங்க. ஏங்க?"

"ஓரத்துல வெட்டு இல்லையே. காலை ஷிப்டுன்னா ஒரு வெட்டு, ராத்திரின்னா ரெண்டு. இருட்டுல தடவினாலே தெரியணும். எடையும் கம்மி. இது டோக்கன் இல்ல, சட்டைப் பொத்தான்."

ஒரு மாதத்துக்குப் பேசுகிற பேச்சை அவர் ஒரே மூச்சில் பேசிவிட்டார். அவள் மறுநாளே மேலாளரிடம் சொன்னாள். மேலாளர் வயதில் சின்னவள், அருங்காட்சியக வேலையையே படித்துவிட்டு வந்தவள். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஐயா, நாங்க புத்தகத்தையும் போட்டோவையும் பார்த்துத்தான் எல்லாத்தையும் செஞ்சோம். நீங்க வந்து பார்த்து, தப்பு எங்கன்னு சொல்லணும். எல்லாம் சரியா இருக்கணும். அப்பதான் வர்றவங்களுக்கு அந்த நாள் கண்ணு முன்னாடி நிக்கும்."

அவர் போனார். முதல் நாளே விளக்கறையில் தொலைபேசியை வலது சுவரிலிருந்து இடது சுவருக்கு மாற்றச் சொன்னார். பெஞ்சின் காலை அறுத்து உயரத்தைக் குறைத்தார். அட்டையும் பிளாஸ்டரும் வைத்துக் கட்டியிருந்த சுரங்கப் பாதையில் நிமிர்ந்து நடந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு உயரம் இருந்திருந்தா எங்களுக்கெல்லாம் எதுக்கு கூன் விழுந்துது?" என்றார். தச்சர்கள் சிரித்தார்கள். கூரை இறங்கியது.

நாலு மாதம் அப்படிப் போயிற்று. தினமும் முகம் மழித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் கிளம்பி நிற்பார். சாப்பாட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். மகளிடம் போனில் கால் மணி நேரம் பேசினார். டோக்கன் அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அவருக்கு நீலத்தில் ஒரு சட்டை எடுத்தாள். கண் பட்டுவிடுமோ என்று யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கடைசியாகச் செய்தது அவர்கள் மாட்டிக்கொண்டிருந்த இடம். அந்தக் குழியை அவர் யாரையும் தொட விடவில்லை. சரிந்த கற்கள், முறிந்த மரத்தூண், தண்ணீர் கேன், அதன் மூடி, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வைத்தார். ஒரு பலகையில் சுண்ணக்கட்டியால் எண்கள் எழுதி, ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே சின்னச் சின்னக் கோடுகள் போட்டார். இருந்தது ஒரு கேன் தண்ணீர். மூடியால் அளந்து குடித்தார்கள். ஒரு மூடிக்கு ஒரு கோடு. அசல் பலகையை மீட்புக்காரர்கள் வருவதற்கு முன்பே உள்ளே இருந்த ஐந்து பேரும் துடைத்துவிட்டிருந்தார்கள். மனதிலிருந்துதான் இதை எழுதினார்.

குழியைப் பார்வைக்குத் திறந்த பிறகு அவரே அங்கே ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நடந்ததைச் சொன்னார். முதல் நாளைச் சொல்வார், இரண்டாம் நாளைப் பாதி சொல்வார். "அப்புறம்?" என்று கேட்டால், "அப்புறம் மேல வந்துட்டோம்" என்பார்.

மூன்றாவது வாரம் நெட்டையனின் மனைவி வந்தாள். நெட்டையன் இவருடைய கூட்டாளி, எண்பத்தெட்டு. இருவரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். இடிந்த உடனே கல் விழுந்து நெட்டையன் போய்விட்டான் என்றுதான் ஐந்து பேரும் விசாரணையில் சொல்லியிருந்தார்கள். டோக்கன் அக்காவுக்கும் தெரிந்தது அவ்வளவுதான். அவள் சாப்பாட்டு நேரம் கவுண்டரை மூடிவிட்டு, எண்பத்தெட்டு டோக்கனைக் கையில் கொடுத்து, நெட்டையன் மனைவியைத் தானே உள்ளே கூட்டிப் போனாள்.

நெட்டையன் மனைவி குழிக்குள் குனிந்து வந்து, பலகை முன்னால் நெடுநேரம் நின்றாள். விரலை வைத்து எண்ணினாள்.

"இந்தக் கோடு எல்லாம் என்னண்ணே?"

அவர் சொன்னார். ஒரு மூடித் தண்ணிக்கு ஒரு கோடு.

"மத்தவங்களுக்கு இருபத்துமூணு இருக்கு. எண்பத்தெட்டுக்கு ஒன்பது இருக்கே."

அவர் குனிந்து தண்ணீர் கேனின் மூடியை நேராக வைத்தார்.

"கல் விழுந்து உடனே போனவருக்கு எதுக்குண்ணே தண்ணி?"

டோக்கன் அக்கா கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துப் பேசினார்.

"இடுப்புக்குக் கீழ கல்லுக்கு அடியில இருந்தான். பேசிட்டுத்தான் இருந்தான். ரெண்டாவது நாள் மதியம் தண்ணி பாதிக்கு வந்துடுச்சு. அவன் எப்படியும் பொழைக்கமாட்டான்னு நாங்க பேசி முடிவு பண்ணோம். நிறுத்திட்டோம்."

"அவர் கேட்டாரா?"

"கேட்டான்."

"எவ்வளவு நேரம்?"

"அன்னிக்குப் பூரா."

"கேன் யாரு கையில இருந்துச்சு?"

"என் கையில."

நெட்டையன் மனைவி சேலைத் தலைப்பால் விரல் நுனியிலிருந்த சுண்ணத்தைத் துடைத்தாள். "வலி தெரியாம போயிட்டாருன்னு சொல்லித்தான் என் பொண்ணை வளர்த்தேன்" என்றாள். குனிந்து வெளியே போனாள். டோக்கனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. டோக்கன் அக்காவும் கேட்கவில்லை.

மேலாளருக்கு விஷயம் தெரிந்ததும் ஓடி வந்தாள். "ஐயா, இதை ஏன் எங்ககிட்ட முன்னாடியே சொல்லல? பலகையில ஏன் அப்படி எழுதினீங்க?"

"எல்லாம் சரியா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க மேடம்."

அந்த வாரமே, மீட்கப்பட்டவர்களில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடு வீட்டில் நின்று, "பன்னிரண்டு வருஷம் வாயைக் கட்டிட்டு இருந்தோம். செத்தவனையும் நிம்மதியா இருக்க விடல, எங்களையும் விடல. உனக்கு மட்டும் பாவத்தைக் கழுவணுமா?" என்றார். இன்னொருவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு அவரோடு எழுந்து போனார். அவர்கள் மேலிடத்துக்கு மனு எழுதினார்கள். மேலிடம் பலகையை எடுத்துக் கிடங்கில் போடச் சொன்னது. அந்த இடத்தில் புதுப் பலகை வந்தது. அதில் ஐந்து எண்கள், எல்லோருக்கும் ஒரே அளவு கோடுகள். எண்பத்தெட்டே இல்லை.

அவர் அதைப் போய்ப் பார்த்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நீலச் சட்டையை மடித்து வைத்தார். மறுநாள் அவள் கிளம்பும்போது அவர் எழுந்திருக்கவில்லை.

"வரலையா?"

"போதும்."

அன்றிரவு அவள் அவரிடம் கேட்டாள், மற்ற நாலு பேரும் சம்மதித்துத்தானே நிறுத்தினீர்கள் என்று. அவருக்கு ஏதாவது ஆறுதல் கிடைக்கட்டும் என்றுதான் கேட்டாள். "சம்மதிச்சாங்க. கேனை வச்சிருந்தது நான்" என்றார். அதற்கு மேல் அவளுக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்தக் கைகளைத்தான் இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டு தூங்கினோம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகப் பிறகு வெகு நாள் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

குளிர் காலத்தில் இருமல் முற்றியது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். ஏழாம் நாள் விடியற்காலையில் போய்விட்டார். அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை விடவில்லை. மேலாளர் மட்டும் வந்து, அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

சாவுச் செய்தியை நேரில் போய்ச் சொல்லவேண்டிய வீடு ஒன்று இருந்தது. மகள் தடுத்தாள். "ஆறின புண்ணா அது, போய்க் கிளறுறதுக்கு? வேண்டாம்மா." டோக்கன் அக்கா கேட்கவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த நெட்டையன் வீட்டுக் கதவைத் தட்டினாள். நெட்டையன் மனைவி பாதிக் கதவைத் திறந்து நின்றாள்.

"அவர் தவறிட்டாருங்க. காலையில."

"கேள்விப்பட்டேன். எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?"

"நாலு மணிக்கு."

"நான் வரமாட்டேன். உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. உங்க முகத்தைப் பார்த்தா அந்தப் பலகைதான் கண்ணுல நிக்குது." கதவைச் சாத்தப் போனவள் நின்று, "பொண்ணை அனுப்புறேன்" என்றாள்.

நெட்டையனின் மகள் வந்தாள். துணிக்கடையில் வேலை பார்ப்பவள். அப்பாவைப் போலவே நெட்டை. கடைச் சீருடையோடு வந்து, கடைசி வரை கூட்டத்தின் பின்னால் நின்றாள். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு டோக்கன் அக்காவின் அருகே வந்தாள்.

"அத்தை, அந்த ரெண்டு நாள்ல எங்கப்பா என்னைப் பத்தி ஏதாவது பேசினாரா? மாமா உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காரா?"

பேசினார் என்று சொல்ல டோக்கன் அக்காவுக்கு வாய் வரை வந்தது. அந்தப் பெண்ணும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள். "நான் அவரைக் கேக்கவே இல்ல."

அந்தப் பெண் தலையாட்டினாள். கடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்து போனாள்.