இரண்டுக்கு ஒன்று

நான் பொய் சொன்னேன். சீலனின் முகத்துக்கு நேரே, நண்பர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, குரல்கூட நடுங்காமல் பொய் சொன்னேன்.

ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. என் மனைவிக்கும் தெரியாது. உங்களிடம் சொல்லத் துணிந்ததற்குக் காரணம் ஒன்றுதான்... உங்களுக்கு அவனைத் தெரியாது!

மாமல்லபுரத்தில் நாங்கள் பத்து நண்பர்கள். கடலோர ஊர்கள் மோதும் கால்பந்துப் போட்டி பிளே ஆஃப் கட்டத்துக்கு வந்துவிட்டால் எங்களுக்குள் ஒரு பந்தயம் தொடங்கும். இறுதி ஆட்டம் எத்தனைக்கு எத்தனை என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். காசு பணம் கிடையாது. கல் பட்டறையில் வேலை பார்க்கும் வேலு, கருங்கல்லில் தேங்காய் அளவுக்கு ஒரு பந்து செதுக்கித் தந்திருந்தான். சரியாகச் சொன்னவன் வீட்டில் அது ஓராண்டு இருக்கும். அவ்வளவுதான் பரிசு. அதற்காக நாங்கள் அடித்துக்கொண்டது கொஞ்சமா!

பந்தயத்தை நடத்தியவன் நான். ஒவ்வொருவனும் வந்து என் காதில் சொல்வான். நான் சீட்டில் அவன் பெயரையும் கோல் எண்ணிக்கையையும் எழுதி, மடித்து, பிஸ்கட் டப்பாவில் போடுவேன். ஒருவன் சொன்னதை இன்னொருவன் சொல்லக் கூடாது. நடத்துபவன் எல்லோருக்கும் பிறகு, மிச்சம் இருப்பதிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த விதிகளை எல்லாம் வகுத்தவனும் நானே. எப்பேர்ப்பட்ட நியாயஸ்தன் பாருங்கள்!

அந்த ஆண்டு எங்கள் ஊர் அணியே இறுதிக்கு வந்துவிட்டது. எதிரணி புதுப்பட்டினம். எங்கள் கோல்கீப்பர் சீலன். செங்கல்பட்டில் ஒரு டூவீலர் பட்டறையில் மெக்கானிக். வேலைக்குப் போன நேரம் போக, அவன் உயிர் முழுவதும் அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவில்தான் இருந்தது.

இரண்டுக்கு ஒன்று, நாங்கள் ஜெயிப்போம்... அரையிறுதி முடிந்த நாள் முதலே என் மனத்தில் அதுதான். ஆறு ஆண்டுகளாகப் பந்தயம் நடத்துகிறேன், ஒரு தடவைகூடக் கல் பந்து என் வீட்டுக்கு வந்ததில்லை. இறுதி ஆட்டத்தன்று மதியம் எட்டுப் பேர் சொல்லி முடித்தார்கள். யாரும் இரண்டுக்கு ஒன்றைத் தொடவில்லை. பாக்கி சீலன் மட்டும். அப்போது அவனிடமிருந்து போன் வந்தது.

“மச்சான், பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டிகினு கீது. எழுதிக்கோ. ரெண்டுக்கு ஒண்ணு, நம்ம ஜெயிக்கிறோம்!”

சரி என்றேன். வைத்துவிட்டேன்.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? என் பெயரில் ‘நாம் 2, அவர்கள் 1’ என்று எழுதினேன். சீலன் பெயரில், அதையே திருப்பிப் போட்டு, ‘நாம் 1, அவர்கள் 2’ என்று எழுதினேன். ஏன் அந்த எண்கள்? மாட்டிக்கொண்டால், அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டேன் என்று சமாளிக்கலாமே! அந்த அரை நிமிடத்துக்குள் தப்பிக்கும் வழியைக்கூட யோசித்து வைத்தவன் நான். இதைத் தவறி நடந்தது என்று நீங்கள் சொல்லாதீர்கள்...

ஆட்டம் நாலரை மணிக்குத் தொடங்கியது. கடைசிச் சில நிமிடங்கள் வரை ஒன்றுக்கு ஒன்று. அப்போது தூரத்திலிருந்து ஒரு சாதாரண அடி. சீலன் பிடித்துவிடுவான் என்று நாங்கள் வேறு பக்கம் திரும்பிக்கூட விட்டோம். மேற்கே சாய்ந்த வெயில் அவன் கண்ணில் அடித்தது. பந்து கையுறைக்குள் வந்து, நழுவி, மெதுவாக உருண்டு கோட்டைத் தாண்டியது.

ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். சீலன் எழுந்திருக்கவே இல்லை. கேப்டன் தனசேகர்தான் அவனைத் தூக்கி நிறுத்தித் தோளில் கை போட்டு அழைத்துவந்தான். கேளுங்கள், தோளில் கை போட்டு! அந்த நேரம் வரை அவன்மீது ஒருவருக்கும் கோபமில்லை.

டப்பாவைத் திறப்பதும் கேப்டன்தான். அது எங்கள் வழக்கம். அன்று வேண்டாம் என்று நான் தடுத்திருக்கலாம். தனசேகர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தான். நான்காவது சீட்டில் நின்றான். இரண்டு முறை படித்தான்.

“சீலா... நாம தோப்போம்னு நீயே எழுதி வெச்சிருக்கியே, இன்னா மேட்டரு?”

“இன்னாண்ற? நான் ரெண்டுக்கு ஒண்ணு ஜெயிப்போம்னு சொன்னேன்! அவனையே கேளு!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சீலனும் பார்த்தான். அவன் கண்ணில் பயமே இல்லை... நான் இருக்கிறேனே என்ற தைரியம்தான் இருந்தது.

மாற்றி எழுதிவிட்டேன் என்று சொல்லலாமா? சொன்னால், அந்த இரண்டுக்கு ஒன்று யார் பெயரில் இருக்கிறது என்று அடுத்த சீட்டைப் பிரிப்பார்கள். ஒருவன் சொன்னதை இன்னொருவன் எடுக்கக் கூடாது என்ற என் விதியே என்னைக் காட்டிக்கொடுக்கும்.

“நீ போன்ல சொன்னதத்தான் எழுதுனேன் மச்சான்” என்றேன்.

“டேய், பொய் சொல்லாத!” என்று கத்தினான். ஒரே ஒரு முறைதான் கத்தினான்.

பிறகு எல்லாம் தானாக நடந்தது. மிச்சச் சீட்டுகளை யாரும் பிரிக்கவில்லை. அவன் அக்காவைப் புதுப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்திருந்தது யாருக்கோ நினைவு வந்தது. மாமன் ஊருக்கு ஆட்டத்தை விற்றுவிட்டான் என்றார்கள். தனசேகர் அந்தக் கல் பந்தை எடுத்து அவன் காலடியில் போட்டான். “நீதான ஜெயிச்ச, எடுத்துகினு போ!” சீலன் அதைத் தொடவில்லை. கையுறைகளைக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டு நடந்தான். அதன் பிறகு எந்த அணியும் அவனை அழைக்கவில்லை. அவனும் எந்த மைதானத்துக்கும் வரவில்லை. ஊரைவிட்டே போய்விட்டான். பந்தயமும் அத்தோடு நின்றது.

கல் பந்தை நான்தான் வீட்டுக்கு எடுத்துவந்தேன். ஆம், கடைசியில் அது என் வீட்டுக்கு வந்தது!

போன மாதம் ஒரு வேலையாகப் படூர் போயிருந்தேன். கல்லூரிப் பேருந்தின் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கினான் சீலன். ஓடி ஒளிய நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டான். டீக்கடைக்கு இழுத்துப் போனான். டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னான்:

“ஒம்போது வருசமா அதையே யோசிச்சிகினு கீறேன் மச்சான். நீ ஏன் பொய் சொல்லப் போற? உனக்கு இன்னா லாபம்? பஸ்ல நின்னுகினு பேசுனேன்... வாய் தவறி நான்தான் மாத்திச் சொல்லிட்டேன் போல. உன்னப் போயி பொய்யன்னு சொன்னேன் பாரு. மனசுல வெச்சிக்காத.”

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்! தன் வாயால் சொன்னதையே அவன் நம்பவில்லை. என்னை நம்பினான்.

அந்த டீக்கடையில் நான் சொல்லியிருக்க வேண்டாமா? வாயைத் திறந்தேன். “அதெல்லாம் விடு மச்சான்” என்ற வார்த்தைகள்தான் வந்தன. மன்னிப்பவன் பேசும் வார்த்தைகள்...

“அந்தக் கல்லு பந்து இன்னும் கீதா?”

“என் வூட்லதான் கீது.”

“அப்போ வந்து எடுத்துகினு போறேன். எப்படிப் பாத்தாலும் நான்தான ஜெயிச்சேன்?” என்று சிரித்தான்.

நேற்று போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறான். பந்தைக் கழுவித் துடைத்துக் கதவோரம் வைத்திருக்கிறேன். குனிந்து தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது, அவ்வளவு கனம். அவன் அதை இரண்டு கைகளையும் நீட்டி வாங்குவான், கோல்கீப்பர் அல்லவா... நழுவவிட மாட்டான்.

நான் கொடுப்பேன். எதையும் சொல்லாமல்தான் கொடுப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.