கங்காணியின் சோப்புத் தண்ணீர்

தேயிலைச் சரிவில் அம்மா இறக்கி வைத்த மருந்துப் பம்பிலிருந்து நீலப்பச்சையாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. ரிங்லெட் என்னும் மலையூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கங்காணியை நினைத்தால் அந்த நிறம்தான் முதலில் வருகிறது. அம்மாவுக்கு நகங்கள் வெளுத்து உதிர்ந்துகொண்டிருந்தன. மருந்தடித்த நாட்களில் மூக்கில் ரத்தம் வரும். என்ன மருந்து என்று கங்காணியைக் கேட்டேன்.

“சோப்புத் தண்ணிதான்லா. வேற என்ன? படிச்சிட்டா நீ தொரையாயிடுவியா? வந்த வழியப் பாத்துப் போ” என்றார். மருந்து வந்த தகரத்தில் லேபிள் இல்லை, கிழித்திருந்தார்கள்.

பம்பின் அடியில் மிஞ்சியதை ஒரு புட்டியில் பிடித்துக்கொண்டு மலையிறங்கினேன். நான் வேலை பார்த்த பல்கலைக்கழக ஆய்வகத்தில் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவி உண்டு. ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய காந்தம். வலிமையான காந்தத்துக்குள் வைத்தால் அவற்றில் சற்றே அதிகமானவை அதன் திசைக்குச் சாயும். ரேடியோ அலையால் ஒரு தட்டுத் தட்டினால் நிலை குலைந்து, சுழன்றபடியே பழைய நிலைக்குத் திரும்பும். அப்போது மெல்லிய சமிக்ஞை ஒன்று எழும். அக்கம்பக்கத்தில் எந்த அணுக்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து அதன் அதிர்வெண் இம்மியளவு மாறும். அந்த மாற்றங்களைக் கணினி கோடுகளாக வரைந்து தரும். ஒரு மூலக்கூறுக்கு அமைந்த கோடுகள் அப்படியே இன்னொன்றுக்கு அமைவது அரிது.

தெளிப்புநீரில் சிறிது கனநீர் கலந்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் உள்ளே இறக்கினேன். தண்ணீரின் கோடு போக, திரையில் மூன்று இடங்களில் கோடுகள் எழும்பின. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியின் கோடுகளைப் பக்கத்தில் வைத்தேன். அச்சாகப் பொருந்தின. நாட்டில் தடைசெய்யப்பட்ட நஞ்சு அது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மேனேஜர் அறையில் அந்தக் கோடுகள் அச்சான தாளை விரித்தேன். அம்மாவும் மருந்தடிக்கும் பெண்களும் வாசலில் நின்றார்கள்.

உள்ளே நின்ற கங்காணி சிரித்தார். “கோடு போட்ட பேப்பரக் காட்டி என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியா?”

புட்டியை நீட்டினேன். “சோப்புத் தண்ணிதானே? கையில ஊத்திக்குங்க.”

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று தடைக்கு முந்தைய பழைய மருந்துத் தகரங்களை வெளியே வாங்கி வந்தவர் அவர்தான் என்பது பிறகு தெரிந்தது. அவருக்கு வேலை போயிற்று.

அம்மாவின் நகங்கள் கோணலாகத்தான் மறுபடி முளைத்தன. கங்காணி இன்னும் ரிங்லெட்டில்தான் இருக்கிறார். கடைத்தெருவில் என்னைக் கண்டால் காறித் துப்புவார். அம்மா மட்டும் மரியாதைக்கு, “நல்லாருக்கீங்களா கங்காணி?” என்று கேட்பாள். நான் கேட்டதில்லை. கேட்கப்போவதுமில்லை.